பதினெட்டு எழுத்தும் 310 கோடி டாலரும்

இரண்டு செங்குத்துக் கோடுகள். அவற்றை ஒட்டி ‘டபுள்கிளிக் டாட் நெட்’ என்கிற இணைய முகவரி. கடைசியில் கூரை போல ஒரு சின்னக் குறி. ஆங்கிலத்தில் தட்டினால் எண்ணி 18 எழுத்து. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆட் பிளாக்கரிடம் இந்த ஒரு வரியைக் கொடுத்துவிட்டால் போதும். டபுள்கிளிக் என்கிற விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஒரு படமோ வீடியோவோ நிரல்துண்டோ உங்கள் திரைக்கு வந்து சேராது. அந்த நிறுவனத்தை வாங்க 2007இல் கூகுள் பேசி முடித்த விலை 310 கோடி டாலர்.

இவ்வளவு பெரிய தொழிலை ஒற்றை வரி எப்படி மறிக்கிறது? மறித்ததால் அந்தத் தொழில் என்ன ஆனது? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் இரண்டாவதற்கான பதிலைப் பாதி ஊகித்துவிடலாம். அதனால் கொஞ்சம் தொழில்நுட்பத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அச்சுப் பத்திரிகையில் நகைக்கடை விளம்பரம் செய்தியோடு சேர்ந்தே, அதே தாளில் அச்சாகி வருகிறது. வேண்டாமென்றால் பக்கத்தைப் புரட்டலாம். வராமல் தடுக்க முடியாது. இணையப் பக்கம் அப்படி முழுசாக வந்து இறங்குவதில்லை. செய்தித் தளத்தின் சர்வர் முதலில் அனுப்புவது ஒரு எழுத்துக்கோப்பு. அதில் செய்தி இருக்கும். கூடவே, ‘இந்தப் படத்தை இன்ன முகவரியில் போய் வாங்கு, இந்த நிரலை இன்ன இடத்திலிருந்து எடுத்து ஓட்டு’ என்கிற உத்தரவுகளும் இருக்கும். அத்தனை இடத்துக்கும் ஓடிப்போய்ச் சாமான்களை வாங்கி வந்து பக்கத்தை அடுக்கித் தருவது உங்கள் பிரவுசரின் வேலை.

விளம்பரத்துக்கான உத்தரவு மட்டும் ஏறக்குறைய எப்போதும் வெளியார் முகவரியைத்தான் காட்டும். காரணம், நீங்கள் பக்கத்தைத் திறக்கும்வரை அங்கே எந்த விளம்பரம் வரப்போகிறது என்று செய்தித் தளத்துக்கே தெரியாது. நீங்கள் திறந்த நொடியில் விளம்பரச் சந்தைக்கு ஒரு தகவல் போகிறது: எந்தப் பக்கம், எந்த ஊர், என்ன மாதிரி போன், முன்பு ஒட்டிவைத்த குக்கியில் இருக்கும் எண் என்ன. அங்கே கம்ப்யூட்டர்கள் உங்களுக்காக ஏலம் கேட்கின்றன. கேள்வி போய்ப் பதில் திரும்பி வர அனுமதிக்கப்படும் நேரம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டை ஒட்டித்தான். ஜெயித்தவரின் விளம்பரம் உங்கள் திரையில் வந்து உட்காரும். விலை, ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று பேசப்படும் சில்லறைக் கணக்கு.

அந்தச் சில்லறையும் முழுசாகத் தளத்துக்குப் போய்ச் சேராது. பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி தணிக்கை நிறுவனத்தை வைத்து இந்தப் பணத்தின் தடத்தைத் தேடச் சொன்னது. 2020இல் வெளியான அறிக்கைப்படி, விளம்பரதாரர் கொடுத்த பணத்தில் 51 சதவீதம்தான் செய்தித் தளங்களை எட்டியது. மீதியில் பெரும்பகுதி இடைத்தரகர்களுக்கு. 15 சதவீதம் எங்கே போனது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. தணிக்கைக்காரர்களாலேயே!

ஆட் பிளாக்கர் நுழைவது இந்த ஏலத்துக்கு முன்னால். பிரவுசர் வெளியே கால் வைப்பதற்கு முன், போகவிருக்கும் முகவரியைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியலில் இருந்தால் பயணம் ரத்து. ஏலம் நடக்காது, குக்கி படிக்கப்படாது, உங்கள் டேட்டாவும் செலவாகாது. காலியான பெட்டி அசிங்கமாகத் தெரியுமே என்றால், அதையும் மறைக்க இரண்டு ஹாஷ் குறிகளோடு எழுதப்படும் இன்னொரு வகை விதி உண்டு. அவ்வளவுதான் வித்தை. பிரவுசர் ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரில். அது யார் வீட்டுக்குப் போகலாம், போகக்கூடாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இணையத்தை வடிவமைத்தவர்கள் விளம்பரத்தை மனதில் வைத்து இப்படிச் செய்யவில்லை. அதனால்தான் இந்த ஓட்டை இவ்வளவு பெரிதாக இருக்கிறது.

இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபர் 27 அன்று ‘ஹாட்வயர்டு’ தளத்தில் வந்தன. தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி கொடுத்த பேனர் அவற்றில் பிரபலமானது. பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதைத் தட்டிப் பார்த்தார்கள் என்பது இந்தத் தொழிலில் இன்றும் ஏக்கத்தோடு சொல்லப்படும் கதை. அடுத்த சில ஆண்டுகளில் ‘டிரைபாட்’ என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஈத்தன் ஸக்கர்மேன், ஒரு பக்கத்தின்மேல் தனி ஜன்னலாகத் திறக்கும் பாப்-அப் விளம்பரத்துக்கு நிரல் எழுதினார். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஆபாசப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் அந்தக் கம்பெனி கொதித்துப்போக, இரண்டையும் பிரித்துக் காட்ட அவர் கண்டுபிடித்த வழி அது. 2014இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் கட்டுரை எழுதி உலகத்திடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டவரை மெச்ச வேண்டும். இந்தத் தொழிலில் வேறு யார் கேட்டார்கள்?

பதிலடி 2002இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன் என்ற மாணவர் எழுதிய, பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறிய எக்ஸ்டென்ஷன் அது, பெயர் ‘ஆட்பிளாக்’. 2006இல் விளாதிமிர் பாலன்ட் அதைப் புதிதாக எழுதி ‘ஆட்பிளாக் பிளஸ்’ ஆக்கினார். ஆனால் நிரலைவிடப் பெரிய விஷயம் பட்டியல்தான். தடுக்க வேண்டிய முகவரிகளை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டுமே! அமெரிக்கரான ரிக் பெட்னெல் 2005இல் தொடங்கிய ‘ஈஸிலிஸ்ட்’ அந்த வேலையைச் செய்தது. 2009இல் அவர் இறந்தபின் வேறு தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்று அதில் பல்லாயிரம் வரிகள். உலகின் முக்கிய ஆட் பிளாக்கர்களில் பெரும்பாலானவை இதை நம்பித்தான் ஓடுகின்றன. ஒரு தளம் விளம்பரப் பெட்டியின் பெயரை மாற்றினால், எங்கேயோ ஒருவர் அதைப் புகார் செய்கிறார். இன்னொருவர் ஒரு வரியைத் திருத்துகிறார். விரைவிலேயே கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் விளம்பரம் மறைந்துவிடுகிறது. தமிழ், மலையாளம், இந்தி, சிங்களம் எனத் தெற்காசிய மொழித் தளங்களுக்கென்றே ‘இந்தியன்லிஸ்ட்’ என்று துணைப் பட்டியல் ஒன்றும் உண்டு. 2014இல் கனடாவின் ரேமண்ட் ஹில் எழுதி, அடுத்த ஆண்டு ‘யூபிளாக் ஆரிஜின்’ என்ற பெயருக்கு வந்த எக்ஸ்டென்ஷன் இன்னும் ஒரு படி மேலே; அவர் நன்கொடைகூட வாங்குவதில்லை.

மக்கள் ஏன் இதை நாடினார்கள்? விளம்பரமே பிடிக்காது என்பது முழுப் பதில் இல்லை. 2015 அக்டோபரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ 50 செய்தித் தளங்களின் முகப்புப் பக்கத்தைச் செல்போனில் திறந்து அளந்தது. இறங்கிய டேட்டாவில் பாதிக்கு மேல் விளம்பரம். மிக மோசமாக இருந்தது ‘பாஸ்டன் டாட் காம்’. அதன் முகப்பை மாதம் முழுக்கத் தினம் ஒருமுறை திறந்தால், விளம்பரங்களுக்கு மட்டும் சுமார் 9.50 டாலர் டேட்டா செலவு என்று கணக்குப் போட்டார்கள். படிக்கிறவர் தன் காசில் விளம்பரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்.

பணம் போனால் பரவாயில்லை என்பவர்களுக்கு அடுத்த ஆண்டு வேறு அதிர்ச்சி. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி உள்ளிட்ட மதிப்புமிக்க தளங்களின் விளம்பர இடங்கள் வழியாகவே, கம்ப்யூட்டரைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்கள் பரவின. அந்தத் தளங்கள் யாரும் உடைத்து நுழைந்தவை அல்ல. ஏலத்தில் இடம் பிடித்த ஒருவர் விளம்பரத்துக்குப் பதில் விஷத்தை அனுப்பினார், அவ்வளவே. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, போலி விளம்பரங்களிடமிருந்து தப்பிக்க ஆட் பிளாக்கர் போட்டுக்கொள்ளுங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரை வெளியிட்டது. போலீஸே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது நிலைமை.

இந்தியாவின் பங்கு இதில் பலருக்கும் தெரியாதது. ‘பேஜ்ஃபேர்’ நிறுவனத்தின் 2016 அறிக்கைப்படி உலகில் செல்போனில் விளம்பரம் தடுத்தவர்கள் 41.9 கோடி, அதில் இந்தியர்கள் 12.2 கோடி. இவர்களில் பெரும்பாலோர் எந்த எக்ஸ்டென்ஷனையும் தேடிப் போட்டவர்கள் இல்லை. டேட்டா மிச்சமாகும் என்று யூசி பிரவுசர் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்கள். அதற்குள்ளேயே தடுப்பு இருந்தது. ஜியோ வருவதற்கு முன் ஒரு ஜிபி டேட்டாவுக்கு நாம் கொடுத்த காசு ஞாபகம் இருப்பவர்களுக்கு இது புரியும். 2020 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 59 சீன ஆப்களில் யூசி பிரவுசரும் ஒன்று. எல்லைத் தகராறுக்காகப் போட்ட தடை, விளம்பரத் தொழிலுக்கும் போகிற போக்கில் ஒரு உதவி செய்தது.

சரி, தொழிலுக்கு எவ்வளவு நஷ்டம்? பேஜ்ஃபேரும் அடோபியும் சேர்ந்து 2015இல் சொன்ன மதிப்பீடு: 19.8 கோடிப் பேர் தடுக்கிறார்கள், அந்த ஆண்டு இழப்பு 2,200 கோடி டாலர். ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடுக்கப்பட்ட விளம்பரங்களை மீட்டுத் தருகிறேன் என்று தளங்களிடம் வியாபாரம் பேசிய நிறுவனம்தான் பேஜ்ஃபேர். நோயின் கடுமையை மருந்து விற்பவரிடம் கேட்டால் என்ன சொல்வார்? தவிர, விளம்பரம் பார்க்காத ஒருவர் பார்த்திருந்தால் அதே விலை கிடைத்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது பெரிய அனுமானம். தேடிப்போய்த் தடுப்பான் போடுகிறவர் விளம்பரத்தைத் தட்டப்போகிறவர் இல்லை.

இன்னும் பொறுமையான ஆய்வு ஒன்று உண்டு. பொருளாதார அறிஞர்கள் பெஞ்சமின் ஷில்லர், ஜோயல் வால்ட்ஃபோகெல் ஆகியோர் பேஜ்ஃபேரின் ஜானி ரயானோடு சேர்ந்து, 2013 முதல் 2016 வரை பல தளங்களின் வருகைக் கணக்கைப் பார்த்தார்கள். வாசகர்களில் விளம்பரம் தடுப்போரின் பங்கு ஒரு சதவீதப் புள்ளி கூடினால், 35 மாதங்களில் அந்தத் தளத்தின் வருகை 0.67 சதவீதம் குறைகிறது என்பது முடிவு. வருமானம் குறைகிறது, ஆளைக் குறைக்கிறார்கள், தரம் இறங்குகிறது, வாசகர் போய்விடுகிறார் என்பது அவர்கள் தரும் விளக்கம். இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லாவின் ஆராய்ச்சியாளர்கள் 2018இல் பார்த்தார்கள். ஃபயர்ஃபாக்ஸில் ஆட் பிளாக்கர் போட்டவர்கள் பிரவுசரில் செலவிடும் நேரம் 28 சதவீதமும், பார்க்கும் பக்கங்கள் 15 சதவீதமும் மற்றவர்களைவிடக் கூடியிருந்தன. இரண்டும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. வாசகர் அதிகம் படிக்கிறார். எழுதுகிறவருக்குக் காசு குறைகிறது. இந்தச் சண்டை முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

தளங்கள் சும்மா இருக்கவில்லை. ‘ஆட்ஸ்’ என்று பெயர் வைத்த வெற்றுக் கோப்பு ஒன்றைப் பக்கத்தில் தூண்டில் போல வைத்தார்கள். அது வந்து சேரவில்லை என்றால் வாசகரிடம் தடுப்பான் இருக்கிறது என்று அர்த்தம். உடனே ‘நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்று பலகை தொங்கவிடப்படும். அடுத்த நாளே பட்டியல்காரர்கள் தூண்டிலை மட்டும் அனுமதிக்க ஒரு வரி சேர்ப்பார்கள். ஜெர்மனியின் ‘பில்ட்’ பத்திரிகை 2015 அக்டோபரில் தடுப்பான் உள்ளவர்களுக்குக் கதவையே சாத்தியது. அதை நடத்தும் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் குழுமம், ஆட்பிளாக் பிளஸ்ஸை நடத்தும் ‘ஐயோ’ என்ற கொலோன் நகரத்து நிறுவனத்தின் மேல் வழக்கும் போட்டது. 2018 ஏப்ரலில் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம், விளம்பரம் தடுப்பது நியாயமற்ற போட்டி ஆகாது என்று தீர்ப்பளித்தது. பதிப்புரிமை என்ற வேறு வாதத்தோடு ஸ்பிரிங்கர் திரும்ப வந்தது. 2025 ஜூலையில் அந்த வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி ஹாம்பர்க் நீதிமன்றத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் வழக்கில் ஜெயித்த ஐயோ ஒன்றும் தர்மஸ்தாபனம் இல்லை. 2011 டிசம்பரில் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆடாத, கத்தாத, வழிமறிக்காத விளம்பரம் என்றால் தடுப்பான் தானே வழிவிடும். சிறியவர்களுக்கு இலவசம். இதனால் மாதம் 1 கோடிக்கு மேல் கூடுதல் பார்வை பெறும் பெரிய நிறுவனங்கள், அப்படிக் கிடைக்கும் கூடுதல் வருமானத்தில் 30 சதவீதம் கட்ட வேண்டும். கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் கட்டின. விளம்பரத்தைத் தடுக்கும் மென்பொருள், விளம்பரக்காரரிடம் சுங்கம் வசூலித்தது. நஷ்டக் கணக்கு போட்ட பேஜ்ஃபேரை 2018இல் ‘பிளாக்த்ரூ’ வாங்கியது. பிளாக்த்ரூவை 2022இல் ஐயோ வாங்கிவிட்டது. புகார் கொடுத்தவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் இப்போது ஒரே குடும்பம்.

கைகலப்பு உச்சத்துக்குப் போனது ஃபேஸ்புக்கில். 2016 ஆகஸ்டில், கம்ப்யூட்டரில் ஆட் பிளாக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இனி விளம்பரம் காட்டப்போவதாக அது அறிவித்தது. ஃபேஸ்புக்கால் முடியும், ஏனென்றால் அங்கே உங்கள் நண்பரின் பதிவும் விளம்பரமும் ஒரே சர்வரிலிருந்து வருகின்றன. முகவரியைத் தடுத்தால் நண்பரும் போய்விடுவார். தடுப்பான்கள் அதனால் விளம்பரத்தின் மேல் சட்டத்துக்காக எழுதப்படும் ‘ஸ்பான்சர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடின. ஃபேஸ்புக் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக வெட்டித் தனித்தனிப் பெட்டியில் போட்டது. நடுவில் சம்பந்தமில்லாத எழுத்துகளைச் செருகி, அவை மட்டும் திரையில் தெரியாதபடி மறைத்தது. கண்ணுக்குச் சொல் சரியாகத் தெரியும். நிரலுக்கு எழுத்துக் குப்பை.

அப்படியானால் நிரலும் கண்ணால் பார்த்தால் என்ன? சென்னை ஐஐடியில் படித்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அரவிந்த் நாராயணனும் அவருடைய சகாக்களும் 2017இல் அதைச் செய்தார்கள். நிரலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், திரையில் மனிதருக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்து விளம்பரத்தை அடையாளம் காணும் தடுப்பான். விளம்பரம் என்று மனிதருக்குத் தெரியும்படி சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கும்வரை, கடைசி ஆட்டத்தில் தடுப்பவருக்கே சாதகம் என்பது அவர்கள் வாதம். 2019இல் வேறு ஆராய்ச்சியாளர்கள், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத சிறு மாற்றங்களைப் படத்தில் செய்து இப்படிப்பட்ட தடுப்பான்களை ஏமாற்ற முடியும் என்று காட்டினார்கள். ஆட்டம் இன்னும் முடியவில்லை.

கூகுளின் நிலை விசித்திரம். உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் பிரவுசரும் அதனுடையது, மிகப் பெரிய விளம்பரக் கடையும் அதனுடையது. 2018 பிப்ரவரியில் குரோமுக்குள் தானே ஒரு வடிகட்டியை வைத்தது. பாப்-அப், தானாகச் சத்தம் போடும் வீடியோ என்று மிகவும் தொல்லை தரும் விளம்பரங்கள் உள்ள தளங்களில் மட்டும் அது விளம்பரத்தைத் தடுக்கும். எரிச்சலின் அளவைக் குறைத்தால் மக்கள் முழுத் தடுப்புக்குப் போகமாட்டார்கள் என்ற கணக்கு. பிறகு எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளையே மாற்றியது. முன்பு பிரவுசரின் ஒவ்வொரு பயணத்தையும் தடுப்பான் நேரில் பார்த்து முடிவெடுக்கும். புதிய ஏற்பாட்டில் பட்டியலை முன்கூட்டியே குரோமிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்; பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு. பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும் என்கிறது கூகுள். அந்தக் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 2024 தொடங்கி படிப்படியாகக் குரோமில் முடக்கப்பட்டது யூபிளாக் ஆரிஜின். ஃபயர்ஃபாக்ஸில் அது பழையபடியே ஓடுகிறது.

இப்போது அந்த 18 எழுத்துக்குத் திரும்பலாம். அந்த விதி வேலை செய்வதற்கு ஒரே நிபந்தனை, விளம்பரம் வேறு முகவரியிலிருந்து வர வேண்டும் என்பது. யாருடைய விளம்பரம் அப்படி வருகிறது? சொந்தமாக விளம்பரப் பிரிவு வைத்துக்கொள்ள வசதியில்லாத செய்தித் தளம், சமையல் குறிப்பு எழுதுபவர், கிரிக்கெட் புள்ளிவிவரம் தொகுப்பவர் ஆகியோருடையது. யாருடையது அப்படி வருவதில்லை? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். 2024இல் யூடியூப், விளம்பரத்தை வீடியோவுக்குள்ளேயே சர்வரில் தைத்து ஒரே ஓடையாக அனுப்பிச் சோதித்துப் பார்த்தது தெரியவந்தது. செல்போன் ஆப்களுக்குள் பிரவுசர் எக்ஸ்டென்ஷனின் கை எட்டுவதே இல்லை. கூகுளின் விளம்பர வருமானம் 2015இல் சுமார் 6,740 கோடி டாலர். 2023இல் சுமார் 23,800 கோடி. ஆட் பிளாக்கரால் மட்டும் இந்த வளர்ச்சி என்று சொன்னால் அபத்தம். ஆனால் பொதுவெளியில் விளம்பரம் காட்டுவதை ஆபத்தான பிழைப்பாக்கி, மதிலுக்குள் காட்டுவதைப் பத்திரமான பிழைப்பாக்கியதில் அதற்குக் கை இருக்கிறது. தடுப்பான் போட்ட நாம் குறிவைத்தது யானையை. அடிபட்டதில் முயல்கள் அதிகம்.

இன்னொரு விளைவு எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. வீடியோ பேசுபவர் நடுவில் நிறுத்தி, தன் வாயாலேயே ஒரு முதலீட்டு ஆப்பைப் புகழ்கிறார். கட்டுரை முழுக்கப் படித்தபின் அது ஒரு மருத்துவமனை காசு கொடுத்து எழுதவைத்தது என்று புரிகிறது. முகவரிப் பட்டியலால் இவற்றைப் பிடிக்க வழியில்லை. ஓரத்தில் மினுக்கிய பேனர், தான் விளம்பரம் என்று ஒப்புக்கொண்டாவது நின்றது.

தமிழ்த் தளங்களுக்கு விளம்பர வருமானம் நேற்று வந்த பிழைப்பு. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியதே 2018 பிப்ரவரியில்தான். அதை நம்பி நடக்கும் சிறிய தளங்களுக்குத் தடுக்கப்படும் ஒவ்வொரு பார்வையும் கணக்கில் வரும். பல நேரம் வருகையை எண்ணும் நிரலும் சேர்ந்தே தடுக்கப்படுவதால், நீங்கள் வந்து போனதுகூட அவர்களுக்குத் தெரியாது.

ஆட் பிளாக்கரைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். பாதுகாப்புக் காரணம் ஒன்றே போதும், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரபலமான தடுப்பான்கள் எல்லாவற்றிலும் ‘இந்தத் தளத்தில் மட்டும் நிறுத்து’ என்று ஒரு பொத்தான் உண்டு. நீங்கள் தினமும் படிக்கிற, நம்புகிற, விளம்பரத்தை அடக்கமாகப் போடுகிற தமிழ்த் தளம் எது என்று யோசித்து, அங்கே அதை ஒருமுறை அழுத்துங்கள். சந்தா கேட்கும் தளமென்றால், முடிந்தால் சந்தாவே கட்டிவிடுங்கள். அந்தப் பணத்தில் இடைத்தரகர் எடுக்கும் பங்கு மிகக் குறைவு.